சம்பளச் சீட்டில் பி.சி.பி.: புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மார்ச், ஏப்ரல் வந்துவிட்டால் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு முன்வாசலில் நாற்காலி போதாது. தோட்டத்து ஆபிசில் கிராணியாகப் பதினோரு வருடம், பிறகு ஈப்போ பக்கம் ஒரு தொழிற்சாலையின் சம்பளப் பிரிவில் பதினான்கு வருடம் என்று என் வேலை முழுவதும் மற்றவர்களின் சம்பளக் கணக்கோடுதான் போனது. அதனால் வரிப் படிவம் என்றால் ஊர்ப் பிள்ளைகள் என்னைத் தேடி வருவார்கள். ஏப்ரலில் அவர்கள் கொண்டுவரும் சிக்கல்களில் பல, வேலைக்குச் சேர்ந்த அன்றே ஒரு தாளை நிரப்பிக் கொடுத்திருந்தால் வந்தே இருக்காது. அந்தத் தாள்களைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். எண்கள் எல்லாம் மலேசியாவின் 2025 வரி ஆண்டுக்கானவை. பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும் என்பதால் பிறகு படிக்கிறவர்கள் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பி.சி.பி. என்பது தனி வரி இல்லை. பொத்தோங்கான் சுக்காய் புலானான், அதாவது மாத வரிப் பிடித்தம். ஆண்டுக் கடைசியில் நீங்கள் கட்ட வேண்டிய அதே வருமான வரியை முதலாளி மாதாமாதம் உங்கள் சம்பளத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் எல்.எச்.டி.என்.-இடம், நாம் ஹாசில் என்று சொல்கிற வருமான வரி வாரியத்திடம், கட்ட வேண்டும். 1995 ஜனவரியிலிருந்து இந்த முறை நடப்பில் இருக்கிறது. எவ்வளவு பிடிப்பது என்பதை முதலாளி தன் இஷ்டத்துக்கு முடிவு செய்வதில்லை, ஹாசில் கொடுத்த கணக்குமுறை முடிவு செய்கிறது. ஆனால் அந்தக் கணக்குக்குள் போகிற விவரம் உங்களுடையது. கல்யாணம் ஆகிவிட்டதா, மனைவி வேலைக்குப் போகிறாரா, எத்தனை பிள்ளைகள், இந்த வருடம் வேறு எங்காவது சம்பளம் வாங்கினீர்களா என்பதெல்லாம் நீங்கள் சொன்னால்தான் ஆபிசுக்குத் தெரியும். சொல்லாவிட்டால் பிடித்தம் கூடும் அல்லது குறையும். கூடினால் உங்கள் காசு ஒரு வருடம் ஹாசிலிடம் கிடக்கும். குறைந்தால் ஏப்ரலில் மொத்தமாகக் கட்டச் சொல்வார்கள்.

உங்களுக்கு வரி வருமா?

நம் பக்கத்தில் தோட்டத்திலும் சின்னக் கம்பெனிகளிலும் முதல் சம்பளம் பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியை (ரிங்கிட்டை) ஒட்டித்தான் இருக்கும். அதற்கு பி.சி.பி. கிடையாது. கல்யாணமாகாத ஒருவர் மாதம் 3,000 வெள்ளி வாங்கினாலும் வராது. கணக்கைப் பாருங்கள். வருடத்துக்கு 36,000. அதில் ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, 3,960 போகிறது. ஒவ்வொருவருக்கும் உரிய தனிநபர் கழிவு 9,000. மிச்சம் 23,040. முதல் 5,000-க்கு வரி இல்லை, அடுத்த 15,000-க்கு 1 விழுக்காடு, அதற்குமேல் 35,000 வரை 3 விழுக்காடு. மொத்தம் 241 வெள்ளிச் சொச்சம். ஆனால் வரிக்குரிய வருமானம் 35,000-ஐத் தாண்டாதவர்களுக்கு 400 வெள்ளி வரித் தள்ளுபடி உண்டு. ஆகவே கட்ட வேண்டியது ஒன்றுமில்லை.

இந்த 35,000 என்கிற கோட்டை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இளம் பிள்ளைகள் அதிகம் நஷ்டப்படுவது இந்த இடத்தில்தான்.

4,200 வெள்ளி வாங்கும் ஒரு டெக்னீஷியனை எடுத்துக்கொள்வோம். கல்யாணமாகவில்லை. வருடத்துக்கு 50,400. சேமநிதிக்கு 5,544 வெள்ளி கட்டினாலும் கழிவு 4,000 வரைதான் கிடைக்கும். தனிநபர் கழிவு 9,000. மிச்சம் 37,400. முதல் 35,000-க்கு வரி 600, மீதி 2,400-க்கு 6 விழுக்காடு 144. மொத்தம் 744 வெள்ளி. கோட்டைத் தாண்டிவிட்டதால் 400 தள்ளுபடி கிடையாது. மாதம் 62 வெள்ளி பிடிப்பார்கள்.

இதே பையன் அந்த வருடம் தன் பெயரில் ஒரு கைப்பேசி வாங்கியிருக்கிறான், வீட்டு இன்டர்நெட் பில்லும் அவன் பெயரில்தான் வருகிறது. வாழ்க்கைமுறைக் கழிவு என்று 2,500 வெள்ளி வரை இவற்றுக்கு உண்டு. புத்தகம், கணினி, கைப்பேசி, டேப்லெட், சொந்தப் பெயரில் இன்டர்நெட், திறன் வளர்க்கும் வகுப்பு எல்லாம் அதில் அடங்கும். அந்த 2,500-ஐக் கழித்தால் 34,900. கோட்டுக்குக் கீழே வந்துவிட்டது. வரி 597, தள்ளுபடி 400 போக 197 வெள்ளி. ஒரு கடை ரசீதும் பன்னிரண்டு இன்டர்நெட் பில்லும் 744-ஐ 197 ஆக்கிவிட்டன. சட்டத்தில் ஒரு எழுத்தும் மீறாமல் 547 வெள்ளி மிச்சம். இது தெரியாமல்தான் பலர் ரசீதைக் கடை வாசலிலேயே கசக்கிப் போட்டுவிட்டு வருகிறார்கள்.

சேர்ந்த முதல் வாரம்

முதலில் வரி எண், அதாவது டி.ஐ.என். ஹாசிலின் மைடேக்ஸ் தளத்தில் உங்கள் மைகார்டு எண்ணைக் கொண்டு ஏற்கெனவே எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே பதிந்துகொள்ளலாம். சேமநிதி போக ஆண்டு வருமானம் 34,000-ஐத் தாண்டும் என்றால் பதிவது கட்டாயம். புதிய ஊழியர் சேர்ந்ததை 30 நாளுக்குள் ஹாசிலுக்குத் தெரிவிப்பது முதலாளியின் கடமை, அது உங்கள் வேலை இல்லை.

அடுத்து உங்கள் பிரிவு. கல்யாணமாகாதவர் முதல் பிரிவு. கல்யாணமாகி, கணவனோ மனைவியோ வேலைக்குப் போகாவிட்டால் இரண்டாம் பிரிவு. இருவரும் வேலை செய்தால் மூன்றாம் பிரிவு, விவாகரத்தானவர்களும் துணையை இழந்தவர்களும் இதில்தான் வருவார்கள். இரண்டாம் பிரிவுக்காரருக்குத் துணைக்கான 4,000 வெள்ளிக் கழிவும் சேர்வதால் பிடித்தம் நன்றாகக் குறையும். மனைவி வீட்டில் இருந்தபோது இரண்டாம் பிரிவு என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அப்புறம் அவர் கையுறைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் ஆபிசில் சொல்லாமல் இருப்பவர்கள் உண்டு. சொல்ல மறந்ததுதான், ஏமாற்ற நினைத்ததில்லை. ஆனால் ஏப்ரலில் கணக்குப் பார்க்கும்போது மறந்ததற்கும் சேர்த்துத்தான் கட்ட வேண்டியிருக்கும்.

பிள்ளைகளைப் பொறுத்தவரை ஒரு பிள்ளைக்கு 2,000 வெள்ளி. கணவன் மனைவி இருவரும் ஒரே பிள்ளையைத் தத்தம் ஆபிசில் எழுதக்கூடாது. யார் சம்பளம் அதிகமோ அவர் பெயரில் எழுதுவதுதான் லாபம். மனைவிக்கு 2,500 சம்பளம் என்றால் எப்படியும் வரி வராது, அவர் பெயரில் பிள்ளையை எழுதி ஒரு பயனுமில்லை. பதினெட்டு வயது தாண்டிய பிள்ளை உள்நாட்டில் டிப்ளோமாவோ பட்டமோ முழுநேரமாகப் படித்தால் 8,000. கெடாவில் ஏய்ம்ஸ்டிலோ கம்பாரில் உத்தாரிலோ பிள்ளையைச் சேர்த்திருக்கும் பெற்றோர் இதைத் தவறவிடாதீர்கள். எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் என்றால் 2,000-தான். பிள்ளை டிசம்பர் 31-இல் பிறந்தாலும் அந்த வருடத்துக்கு முழுக் கழிவு கிடைக்கும்.

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளுக்கு ஒன்று. அந்த ஆண்டில் இங்கே தங்கிய நாட்கள் 182-க்குக் குறைந்தால் பொதுவாக உங்களைக் குடியிராதவர் என்று கணக்கிடுவார்கள். அப்போது கழிவு எதுவும் இல்லாமல் நேராக 30 விழுக்காடு. முதல் சில மாதச் சீட்டைப் பார்த்துப் பயந்துவிடாமல், கடப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டு நாட்களை எண்ணுங்கள்.

வேலை மாறினால் டி.பி.3

அக்காள் மகனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஜனவரி முதல் ஜூலை வரை ஓரிடத்தில் 4,200 வெள்ளி. மாதம் 62 வீதம் ஏழு மாதத்தில் 434 வெள்ளி பி.சி.பி. பிடித்திருந்தார்கள். ஆகஸ்டில் வேறு கம்பெனி, 5,000 வெள்ளி. முதல் சம்பளம் வந்த அன்று மாலை மாமாக் கடையில் என்னைப் பார்த்ததும் கைப்பேசியை நீட்டினான். "மாமா, பாருங்க, இங்க வரியே பிடிக்கல!" முகமெல்லாம் சிரிப்பு. சீட்டைப் பார்த்தேன். பி.சி.பி. என்ற இடத்தில் சுழியம். "டி.பி.3 கொடுத்தியாப்பா?" என்று கேட்டேன். "அது என்ன மாமா?"

நடந்தது இதுதான். புதுக் கம்பெனிக்கு அவன் ஜூலை வரை வாங்கிய சம்பளம் தெரியாது. அவர்கள் கணக்கில் அந்த வருடம் அவன் வருமானம் ஐந்து மாதச் சம்பளமான 25,000 மட்டும். சேமநிதி 2,750, தனிநபர் கழிவு 9,000 போக 13,250. தள்ளுபடியோடு வரி சுழியம். ஆனால் உண்மையில் அவன் வருமானம் 54,400. சேமநிதிக்கு 4,000, தனிநபருக்கு 9,000 போனால் 41,400, வரி 984. கட்டியது 434. மிச்சம் 550 வெள்ளி ஏப்ரலில் கழுத்துக்கு வந்திருக்கும். தனிநபர் கழிவை இரண்டு ஆபிசும் ஆளுக்கு ஒருமுறை கொடுத்ததால் வந்த வினை.

மறுநாளே டி.பி.3 படிவத்தில் பழைய வேலையின் சம்பளம், சேமநிதி, பி.சி.பி. மூன்றையும் எழுதிக் கொடுக்கச் சொன்னேன். மிச்ச நான்கு மாதத்தில் மாதம் 137 வெள்ளிச் சொச்சமாகப் பிரித்துப் பிடித்துக்கொண்டார்கள். ஆகஸ்டிலேயே கொடுத்திருந்தால் 110 வீதம் போயிருக்கும். சிரிப்புக் கொஞ்சம் குறைந்ததுதான், ஆனால் ஏப்ரலில் நிம்மதியாக இருந்தான்.

இந்தப் படிவம் ஆண்டு நடுவில் வேலை மாறுகிறவர்கள் கட்டாயம் கொடுக்க வேண்டியது. பழைய இடத்தை விட்டு வரும்போதே கடைசிச் சம்பளச் சீட்டையும் அந்த வருடக் கூட்டுத் தொகையையும் கேட்டு வாங்கிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துப் போய் நின்றால் கிராணியும் மாறியிருப்பார், கணக்கும் கிடைக்காது.

ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்கிறவர்களுக்கும் இதே ஆபத்துதான். பகலில் தொழிற்சாலை, சனி ஞாயிறு ஒரு கடை என்றால் இரண்டு ஆபிசும் தனித்தனியாகக் கணக்குப் போடும். அப்படிப்பட்டவர்கள் மாதம் கொஞ்சம் பணத்தை ஒதுக்கி வையுங்கள்.

பிடித்தத்தைக் குறைக்கும் முறையான வழி: டி.பி.1

வருடத்துக்குள்ளேயே கழிவுகளைச் சொல்லிப் பிடித்தத்தைக் குறைத்துக்கொள்ள டி.பி.1 படிவம் இருக்கிறது. செலவு செய்த மாதத்தில் தொகையை எழுதி சம்பளப் பிரிவில் கொடுக்க வேண்டும். மாதச் சம்பளக் கணக்கு மூடும் தேதிக்கு முன்னால் கொடுங்கள்.

நம் குடும்பங்களுக்கு அதிகம் பொருந்துபவை இவை. சொக்சோ என்கிற தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் வேலையிழப்புக் காப்புறுதியும் சேர்த்து 350 வெள்ளி, இது எப்படியும் உங்கள் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். ஆயுள் காப்புறுதிக்கு 3,000 வரை, மருத்துவ, கல்விக் காப்புறுதிக்கு 4,000 வரை. எஸ்.எஸ்.பி.என். என்கிற கல்விச் சேமிப்பில் அந்த ஆண்டு எடுத்தது போகப் போட்டதற்கு 8,000 வரை. பாலர் பள்ளி, குழந்தைக் காப்பகக் கட்டணத்துக்கு 3,000 வரை. விளையாட்டுக் கருவி, பூப்பந்து அரங்க வாடகை, ஜிம் கட்டணம் ஆகியவற்றுக்கு 1,000 வரை.

அம்மா அப்பாவின் மருத்துவச் செலவுக்கு 8,000 வரை கழிவு உண்டு. 2025-இலிருந்து தாத்தா பாட்டிக்குச் செய்யும் செலவும் இதில் சேரும். தோட்டத்தில் உழைத்து மூட்டுத் தேய்ந்துபோன பாட்டியைத் தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப் போகும் பேரன்கள் நம் ஊரில் நிறையப் பேர். அந்த ரசீதில் பாட்டி பெயரும் மருத்துவர் விவரமும் இருக்கிறதா என்று கவுண்டரிலேயே பார்த்துவிடுங்கள்.

கழிவு கிடைக்காதவையும் இருக்கின்றன. காடிக் (கார்) கடன் இல்லை. பி.டி.பி.டி.என். உயர்கல்விக் கடன் திருப்பிக் கட்டுவதும் இல்லை. கோயில் திருவிழாவுக்குக் கொடுத்த நன்கொடை எல்லாம் சேராது. வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்பு கொடுக்கும் ரசீதுக்குத்தான் மதிப்பு, அதையும் ஆண்டுப் படிவத்தில் காட்ட வேண்டும். நம் தமிழ் முஸ்லிம் நண்பர்கள் கட்டும் ஸக்காத் வரியிலிருந்தே நேராகக் கழியும்.

டி.பி.1-இல் செய்து முடித்த செலவை மட்டும் எழுதுங்கள். தீபாவளிக்குக் கைப்பேசி வாங்கப் போகிறேன் என்று மார்ச்சில் எழுதக்கூடாது. ஆபிசில் ரசீது கேட்காமல் இருக்கலாம், ஆனால் நீங்கள் ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும். 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, துண்டாடப்படும் தோட்டங்களை வாங்கத் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தபோது, என் தாத்தா ஒவ்வொரு ரசீதையும் ஒரு மைலோ டின்னில் போட்டு வைத்திருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். அந்த டின் இன்றும் என்னிடம்தான் இருக்கிறது. என் வரி ரசீதுகள் அதில்தான் கிடக்கின்றன. கடை ரசீதின் மை ஒரு வருடத்தில் மங்கிவிடும், அதனால் வாங்கிய அன்றே கைப்பேசியில் படமும் எடுத்துவிடுங்கள்.

சம்பளப் பிரிவு டி.பி.1-ஐக் கணக்கில் ஏற்றாமல் விட்டாலும் உங்கள் கழிவு போய்விடாது. ஆண்டுப் படிவத்தில் கேட்டு, கூடுதலாகக் கட்டியதைத் திரும்பப் பெறலாம்.

போனஸ் மாதம்

தீபாவளி போனஸ் வந்த மாதம் பி.சி.பி. திடீரென்று ஏறும். மேலே சொன்ன 4,200 வெள்ளிப் பையனுக்கு ஒரு மாத போனஸ் வந்தால், அதற்குரிய வரி 252 வெள்ளியை அந்த மாதமே மொத்தமாகப் பிடிப்பார்கள். 62-உடன் சேர்த்து 314. தப்பாகப் பிடித்துவிட்டார்கள் என்று கிராணியிடம் சண்டைக்குப் போகவேண்டாம். அடுத்த மாதம் பழைய 62-க்கே வந்துவிடும். புத்தாடை, பலகாரம் என்று போனஸ் முழுவதையும் முன்கூட்டியே கணக்குப் போட்டு வைப்பவர்கள் இதைக் கழித்துப் போடுங்கள்.

ஆண்டு முடிந்ததும்

பிப்ரவரி முடிவதற்குள் முதலாளி உங்களுக்கு ஈ.ஏ. படிவம், அதாவது அந்த வருடச் சம்பளமும் பிடித்தமும் எழுதிய தாள், கொடுக்க வேண்டும். அதில் உள்ள பி.சி.பி. தொகையை உங்கள் பன்னிரண்டு சம்பளச் சீட்டுகளோடு கூட்டிப் பாருங்கள். மாதாமாதம் பிடித்துவிட்டு ஹாசிலில் கட்டாத ஒரு முதலாளியிடம் எனக்குத் தெரிந்த நான்கு பேர் வேலை செய்தார்கள். சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருந்த இருவர்தான் ஹாசிலில் போய் ஆதாரத்தோடு பேச முடிந்தது. அப்படிக் கட்டாமல் விடும் முதலாளிக்கு 200 முதல் 20,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும்.

பிறகு மைடேக்ஸில் இ-ஃபைலிங். சம்பளம் மட்டும் உள்ளவர்களுக்கு பி.இ. படிவம், ஏப்ரல் 30 கடைசி நாள், இ-ஃபைலிங்கில் மே 15 வரை அவகாசம் கொடுப்பது வழக்கம். கிராப் ஓட்டுவது, வீட்டில் சமைத்து விற்பது என்று பக்கத்தில் தொழில் இருந்தால் பி. படிவம், அதற்கு ஜூன் 30. கூடுதலாகக் கட்டியிருந்தால் உங்கள் சொந்தப் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்குப் பணம் திரும்பி வரும். அடுத்தவர் கணக்கு எண்ணைக் கொடுத்துவிட்டுப் பணம் வரவில்லை என்று வருகிறவர்கள் வருடத்துக்கு ஒருவராவது உண்டு.

வருடம் முழுவதும் ஒரே முதலாளியிடம் வேலை செய்து, சம்பளம் தவிர வேறு வருமானம் இல்லாமல், பி.சி.பி. முறையாகப் பிடிக்கப்பட்டு, கணவன் மனைவி கூட்டாக வரி கணக்கிடாமல், வரியை முதலாளி தன் கையிலிருந்து கட்டாமல் இருந்தால், 2014 முதல் பி.சி.பி.-யையே இறுதி வரியாக வைத்துக்கொள்ளலாம், படிவம் அனுப்ப வேண்டியதில்லை. நான் யாருக்கும் அதைச் சொல்வதில்லை. அனுப்பாவிட்டால் திரும்ப வரவேண்டிய காசு வராது. வீட்டுக் கடன் கேட்டுப் போகும்போது வங்கியும் பி.இ. படிவத்தைத்தான் முதலில் கேட்கும்.

தாண்டக்கூடாத கோடு

ஒவ்வொரு வருடமும் யாராவது ஊருக்குள் வந்து, நூறு வெள்ளி கொடுத்தால் ஆயிரம் வெள்ளி திரும்ப வாங்கித் தருகிறேன் என்பார்கள். இல்லாத பிள்ளை, வாங்காத கணினி, பார்க்காத மருத்துவம் எல்லாம் படிவத்தில் ஏறும். பணமும் வரும், அதுதான் ஆபத்து. பிறகு ஹாசில் ரசீது கேட்டுக் கடிதம் போடும்போது அந்த ஆளின் கைப்பேசி அணைந்திருக்கும். படிவத்தில் இருப்பது உங்கள் பெயர், பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான். 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 113-ஆம் பிரிவில் தவறான விவரத்துக்கு 1,000 முதல் 10,000 வெள்ளி வரை அபராதம், அதோடு குறைத்துக் காட்டிய வரியைப் போல் இரு மடங்கு. வேண்டுமென்றே ஏய்த்தால் 114-ஆம் பிரிவு: மூன்று வருடம் வரை சிறையும் உண்டு, தண்டம் மூன்று மடங்கு. உங்கள் மைடேக்ஸ் கடவுச்சொல்லை யாரிடமும் கொடுக்காதீர்கள், என்னிடமும் வேண்டாம். வீட்டுக்கு வருகிறவர்களிடம் நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பேன், விசைகளை அவர்களே தட்டுவார்கள்.

ஏற்கெனவே பாக்கி விழுந்துவிட்டதா? ஒளிந்துகொள்ள வேண்டாம். நேரத்தில் கட்டாத வரிக்கு 10 விழுக்காடு கூடும். கட்ட முடியாத நிலை என்றால் தவணை கேட்டு ஹாசிலுக்கு எழுதலாம். நீங்கள் எதுவும் செய்யாமல் இருந்தால் அவர்கள் சி.பி.38 என்று முதலாளிக்கே உத்தரவு அனுப்பி, பி.சி.பி.-க்கு மேல் தனியாகச் சம்பளத்தில் பிடிப்பார்கள். சீட்டில் சி.பி.38 என்று புதிதாக ஒரு பிடித்தம் முளைத்தால் அன்றே விசாரியுங்கள். நமக்குப் பக்கத்து அலுவலகம் ஈப்போவில்தான். போகும்போது மைகார்டு, ஈ.ஏ. படிவங்கள், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, கைக்குக் கிடைத்த கடிதம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்று விட்டுப்போனாலும் இன்னொரு நாள் லீவு எடுக்க வேண்டியிருக்கும்.